ஐந்துக்கு ஐந்து

மே 4, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் செய்தது, குளியலறைச் சல்லடையைக் கழற்றி அதில் சிக்கியிருந்த முடியை விரலால் இழுத்துப் போட்டது. சோப்பு அழுக்கோடு சேர்ந்து செத்த எலியின் வாலைப்போல நீளமாக வந்தது. மூன்று முறை கை கழுவியும் வாடை போகவில்லை. காபி இறங்கவில்லை, பாதியைக் கொட்டினேன்.

மாடி அலுவலகத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. பள்ளிகள் ஆசிரியர் எடுக்கிற மாதம். தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பெயர், ஊர், படிப்பை எங்களுக்கு அனுப்புவார்கள். நான் அதை ஐவிழியில் போடுவேன். ஐவிழி என் கணவர் திருமூர்த்தி எழுதிய மென்பொருள். அது தானாக எதையும் தேடாது. ஐந்து தேடுபொறிகளிடம் பெயரைக் கொடுத்துவிட்டு, அவை தருவதை வாங்கி, ஒரே விஷயத்தைச் சொல்லும் பக்கங்களை ஒரு கட்டாகக் கட்டும். ஒரு தேடுபொறியில் முதலிடத்தில் வந்த பக்கத்துக்குப் பத்து மதிப்பெண், அடுத்ததற்கு ஒன்பது, இப்படி. கூட்டினால் அதிகம் வருகிற கட்டு மேலே. பக்கத்தில் ஒரு பச்சை வட்டம் இருக்கும். எத்தனை தேடுபொறிகள் அதைச் சொல்கின்றன என்று அதில் தெரியும். ஐந்துக்கு ஐந்து என்றால் பள்ளித் தாளாளர்கள் கீழே படிப்பதில்லை. முதல் பக்கத்துக்கு வராதது ரிப்போர்ட்டிலும் வராது.

என் வேலை, வந்தது அதே ஆளைப் பற்றித்தானா என்று பார்ப்பது. அதே பெயரில் வேறொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான்.

மதியம் ஒரு பெண் போன் செய்தாள். பெயர் பிரமிளா, கெமிஸ்ட்ரி டீச்சர், பொள்ளாச்சி. எங்கள் ரிப்போர்ட்டால் இரண்டு பள்ளிகளில் வேலை போய்விட்டதாம். நேரில் வரலாமா என்று கேட்டாள். புதன்கிழமை வரச் சொன்னேன். ஏப்ரலில் அனுப்பிய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வரி, "கேள்வித்தாள் கசிவு: ஆசிரியை பிரமிளா சிக்கினார்." பச்சை வட்டத்தில் ஐந்துக்கு ஐந்து. ஆள் சரி என்று டிக் இருந்தது. ஆள் சரிதான்.

மே 5, செவ்வாய்

கரன்ட் இல்லை. துணி ஊறியே கிடந்து நாறிவிட்டது.

மே 6, புதன்

பிரமிளா வந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். என் கணவர் அவளுக்கு நேராகத் திரும்பாமல், திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"சார், கேள்வித்தாள் வெளிய போனத மொதல்ல கண்டுபுடிச்சு சொன்னதே நானுங்க. ஆபீஸ்ல இருந்த ஒருத்தரத்தான் புடிச்சாங்க. நியூஸ்ல என் பேரப் போட்டுட்டாங்க. நான் போய்ச் சண்ட போட்டதும் அவங்களே அடுத்த நாள் திருத்திட்டாங்க சார்."

"நீங்க சொல்றத நான் இல்லைங்கலீங்களே டீச்சர். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. நாங்க எதையும் எழுதறதில்ல. அஞ்சு எடத்துல இருக்கறத எடுத்து ஒண்ணாச் சேத்துக் குடுக்கறோம். கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு கரண்டியத் திட்டி என்னங்க பண்றது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்தக் கரண்டிப் பேச்சைப் பல பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் சிரித்திருக்கிறேன்.

"அந்தக் கரண்டிலதானுங்க சார் ஊருக்கே பரிமாறுறீங்க" என்றாள் பிரமிளா. குரலை உயர்த்தவில்லை. பிறகு பயந்தவள் மாதிரி, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு பள்ளி பாக்கி இருக்கிறதாம். கிணத்துக்கடவு பக்கம், தாளாளர் ஈஸ்வரமூர்த்தியின் பள்ளி. மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டி எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எங்கள் ரிப்போர்ட் போனதும் ஆர்டர். இந்த மாதம் பாதி தாண்டினால் எந்தப் பள்ளியிலும் இடம் இருக்காது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்தால் அந்த இடைவெளியைப் பார்த்து அடுத்த வருஷம், "ஏன் சும்மா இருந்தீங்க?" என்று கேட்பார்கள். இதெல்லாம் அவள் சொன்னது.

"பாக்கலாம்" என்றார் அவர். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இருபத்து மூன்று வருஷமாக எனக்குத் தெரியும்.

படியிறங்கும்போது என்னிடம் கேட்டாள். "அக்கா, ரிப்போர்ட்டெல்லாம் நீங்கதான் பாக்கறீங்களா?"

"எல்லாரும் சேந்து பாப்போம்" என்றேன்.

அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மே 7, வியாழன்

ஐவிழியை மூடி வைத்துவிட்டு, ஐந்து தேடுபொறிகளிலும் அவள் பெயரைத் தனித்தனியாக, கையால் போட்டுப் பார்த்தேன். எத்தனையோ மாதமாக இப்படிச் செய்யவில்லை. கலந்து வந்த பட்டியலையே பார்த்துப் பழகிவிட்டது.

வெவ்வேறு தளங்கள், வெவ்வேறு தலைப்புகள். "சிக்கினார்", "பிடிபட்டார்", "அதிர்ச்சி". உள்ளே போனால் ஒரே பத்தி. எல்லாவற்றிலும் "ஆசிரியை பிரமிளா (52)" என்று இருக்கிறது. அவள் சான்றிதழ்ப்படி வயது முப்பத்து நான்கு. யாரோ ஒருவன் செய்த தப்பை மற்ற எல்லோரும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தன் வாந்தி எடுத்ததை வரிசையாக உட்கார்ந்து மற்றவர்கள் சாப்பிட்ட மாதிரி. இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் வேறு எப்படி எழுதுவது?

முதலில் எழுதிய தளம் அவள் சொன்னபடியே திருத்திவிட்டது. "புகார் கொடுத்தவரே ஆசிரியை, கைதானவர் அலுவலக ஊழியர்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அது ஒரே ஒரு தேடுபொறியில் வருகிறது. அதில் இரண்டாவது இடம், ஒன்பது மதிப்பெண். எதிர்ப்பக்கம் நகல்கள் எல்லாம் எட்டும் ஏழும் ஆறுமாகச் சேர்ந்து நூறைத் தாண்டிவிட்டன. உண்மை இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் பக்கத்தை நாங்கள் அச்சடிப்பதில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். இரண்டு தேடுபொறிகளில் வரிசை அச்சு அசலாக ஒன்று. விவரம் தேடினேன். அதில் ஒன்று மற்றொன்றிடம் இருந்து வாடகைக்கு வாங்கித் தன் பெயரில் காட்டுகிறது. அப்படியானால் ஐவிழிக்கு ஐந்து கண்ணே இல்லை.

சாப்பிடும்போது வயது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரே ஆள் சட்டய மாத்தி மாத்திப் போட்டுட்டு வந்து சாட்சி சொல்றான். நாம அஞ்சு சாட்சின்னு எழுதிக் குடுக்கறோம்."

"வயசு தப்பா அடிக்கறது சகஜம் சுகந்தி. ரசம் ஊத்து."

ஊற்றினேன். அவர் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சும் சத்தம் முன்பும் இப்படித்தான் இருந்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே 8, வெள்ளி

மாவு பொங்கி ஃபிரிட்ஜ் தட்டெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தேன். ரிப்போர்ட் எதுவும் பார்க்கவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

மே 10, ஞாயிறு

வர்ஷா ஹாஸ்டலிலிருந்து பேசினாள். "அம்மா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். தூசி என்றேன். உண்மையும்கூட. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி, என் நூலக அறிவியல் பட்டத்தையும் கல்லூரியில் நூலகராக இருந்த பன்னிரண்டு வருஷச் சான்றிதழையும் எடுத்துத் துடைத்து வைத்தேன். பூச்சி அரித்துவிடக் கூடாது. புதுக் கவரில் போட்டிருக்கிறேன்.

"அப்பா என்னம்மா பண்றாரு?"

"தூங்கறாரு. நான் ஹால்ல படுத்துக்கறேன், காத்து வருது."

"ரூம்ல ஏசி இருக்குல்ல?"

"ஒத்துக்கல கண்ணு."

மே 11, திங்கள்

நூலகத்தில் ஒரே புத்தகத்துக்குப் பத்துப் பிரதி இருந்தால் பத்துப் புத்தகம் என்று யாரும் எழுதமாட்டார்கள். ஒரு தலைப்பு, பத்துப் பிரதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்டது இது. வேலையை விட்டுவிட்டு இவரோடு சேர்ந்தபோது ஐவிழிக்கு நான் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான். நகல் வடிகட்டி என்று பெயர் வைத்தோம். ஒரு பக்கத்தின் வாசகம் இன்னொன்றில் அப்படியே இருந்தால் இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டும். வட்டத்தில் தேடுபொறிகளின் எண்ணிக்கை வராது, எத்தனை பேர் தனித்தனியாக எழுதினார்கள் என்று வரும். அதை அவர் எழுதி முடித்த அன்று இரண்டு பேரும் அன்னபூர்ணாவில் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம்.

அப்படியானால் பிரமிளாவுக்கு எப்படி ஐந்துக்கு ஐந்து வந்தது? வடிகட்டியில் ஓட்டை இருக்கும் என்று நினைத்து அமைப்புகளைத் திறந்தேன். ஓட்டை எதுவும் இல்லை. அணைத்து வைத்திருக்கிறது. ஜனவரியிலிருந்து.

கேட்டேன். மறைக்கவில்லை.

"கிளையன்ட் எல்லாம் கத்தறாங்க. எத்தன ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி, ரெண்டு வரி. வட்டத்துல ஒண்ணு. 'இதுக்காங்க உங்ககிட்ட வர்றோம், இத நாங்களே தேடிக்குவோமே'ன்னு கேக்கறாங்க. பக்கம் நெறைய இருந்தாத்தான் வேல செஞ்ச மாதிரி தெரியும். ஆஃப் பண்ணினேன். ஒருத்தரும் கம்ப்ளைன்ட் பண்ணல."

"எங்கிட்டச் சொல்லல."

"நீயே தெனமும் பாக்கற. உனக்கே தெரியல பாரு."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அம்மா மீன் கழுவிய தண்ணீரை வாசலில் வீசிக்கொண்டிருந்தாள்.

பள்ளி சேர்க்கை எல்லாம் முடியட்டும், ஜூலையில் ஆன் செய்கிறேன் என்கிறார்.

மே 13, புதன்

ஈஸ்வரமூர்த்தியிடம் நானே போனில் பேசினேன். பிரமிளாவின் ரிப்போர்ட்டை என் கணவர் அவருக்கு நேற்றே அனுப்பிவிட்டார், எனக்குத் தெரியாமல். பழைய ரிப்போர்ட்டையே தேதி மாற்றி.

"ஐயா, அந்த டீச்சர் மேல தப்பில்லைங்க. எல்லாம் ஒரே நியூஸோட காப்பிங்க. நான் பாத்துட்டேன்."

"அப்பறம் எதுக்கம்மணி அஞ்சுக்கு அஞ்சுன்னு போட்டு அனுப்புனீங்க?"

மேசையில் இருந்த அந்த ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

"இங்க பாரு கண்ணு. அந்தப் புள்ள பாடம் நடத்துனத நானே கடேசி பெஞ்சுல உக்காந்து பாத்தேன். நல்லாத்தான் நடத்துது. ஆனா நாளைக்கு ஒரு பேரன்ட் வந்து, அஞ்சு எடத்துல இருக்கே, நீங்க பாக்கலையான்னு கேட்டா? சுகந்தின்னு ஒரு அம்மா போன்ல சொன்னாங்கன்னா சொல்லட்டும்? உங்க மிசின் சொல்றத நீயே தப்புங்கற. அப்ப உம்பட வீட்டுக்காரரு சனிக்கெழம அத்தன கரஸ்பாண்டன்ட்டு முன்னால என்னத்தக் காட்டப் போறாரு?"

சனிக்கிழமை தனியார் பள்ளிகள் சங்கத்தின் கூட்டம். ஐவிழியைச் சங்கம் முழுவதற்கும் எடுப்பதா என்று அன்று முடிவு செய்கிறார்கள். ஈஸ்வரமூர்த்திதான் செயலாளர்.

"அது வரைக்கும் அந்த டீச்சர் விஷயத்த நிறுத்தி வைங்கய்யா."

"சனிக்கெழம சாயங்காலம் வரைக்கும் வெக்கறேன். அதுக்கு மேல முடியாது. இன்னொருத்தர் காத்திட்டிருக்காங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது எல்லாம் சரியான கேள்வி.

மே 14, வியாழன்

காலையில் இவர் ரொம்ப உற்சாகமாக இருந்தார். இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது அடுக்களைக்கே வந்து நின்றார்.

"உன் டீச்சர் பிரச்சினைய முடிச்சுட்டேன். சந்தோஷமா?"

"வடிகட்டிய ஆன் பண்ணிட்டீங்களா?"

"அதில்ல. அந்தப் பேருக்கு மட்டும் அந்த நியூஸ் வராம மறைச்சரலாம். ஒரு வரி வேல. யோசிச்சுப் பாரு, இந்த மாதிரி எத்தன பேரு இருப்பாங்க? ஒரு திட்டமாவே போடலாம். 'நற்பெயர் சேவை.' வருஷத்துக்கு ஒரு தடவ பணம் கட்டினாப் போதும். அந்தம்மாவுக்கு நேத்தே மெசேஜ் போட்டுட்டேன், மொத ஆளுன்னு டிஸ்கவுன்ட் குடுத்து."

மிக்ஸியை நிறுத்தவில்லை நான். சட்னி கூழாகிவிட்டது. கரண்டியில் எடுத்தால் பச்சை நிறத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. எனக்கு இட்லி வைத்துக்கொள்ளவில்லை.

பொய்யைப் பெருக்கிக் காட்டவும் நாங்கள். அதை மறைத்துக் கொடுக்கவும் நாங்கள். நடுவில் அந்தப் பெண். இவருக்கு இதில் எதுவும் உறுத்தவில்லை. என்னிடம் வந்து சந்தோஷமா என்று கேட்கிறார். நல்லது செய்துவிட்டதாகவே நினைக்கிறார். திருடன் என்றால்கூடத் திருடுவது தெரிந்து திருடுவான்.

மதியம் பிரமிளா பேசினாள்.

"அக்கா, சார் மெசேஜ் பண்ணிருந்தாருங்க. ரொம்ப நல்ல மனுசன்க்கா. அன்னிக்கு நான் கொஞ்சம் வெடுக்குன்னு பேசிட்டேன். சார்கிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க. நாளன்னிக்குள்ள எப்படியாவது கட்டிர்றேன். கம்மல் ஒண்ணு இருக்குது."

"கட்டாத."

"அக்கா?"

"எதையும் கட்டாத. சனிக்கெழம வரைக்கும் சும்மா இரு."

"சனிக்கெழமைக்கு மேல வேல போயிருமேக்கா. அப்பறம் நான் என்ன பண்றது?"

அப்போது எனக்கும் தெரியவில்லை. போனை வைத்த பிறகு, அவள் மன்னிப்புக் கேட்டதுதான் காதிலேயே நின்றது.

மே 15, வெள்ளி

அவர் எழுதிக் கொடுத்த பேச்சை வைத்து நாளைய கூட்டத்துக்கு ஒத்திகை பார்த்தோம். கூட்டத்தில் ஐவிழியை இயக்கிக் காட்டப் போவது நான். "நீ பேசினா நம்புவாங்க, லைப்ரேரியன் களை இருக்கு உன் மூஞ்சில" என்கிறார். அவர் ஓரமாக நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வார்.

என்ன பெயரைப் போட்டுக் காட்டுவது என்று கேட்டேன்.

"என் பேரயே போடு. அதான் சேஃப்."

போட்டேன். "கோவையின் சிறந்த இளம் தொழில்முனைவோர்: திருமூர்த்திக்கு விருது." ஐந்துக்கு ஐந்து. பச்சை வட்டம் பளிச்சென்று நின்றது. அவருக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த விருது கொடுத்த அமைப்பு, விருது வாங்கியவர்களிடமே செய்தி எழுதி வாங்கிப் பல தளங்களுக்கு அனுப்பி வைக்கும். செய்தியை எழுதிக் கொடுத்தது யார் என்றும் எனக்குத் தெரியும். அடுக்களை மேசையில் உட்கார்ந்து நானே எழுதியது. "தொலைநோக்குப் பார்வை கொண்டவர்" என்ற வரிக்கு அன்றைக்கு அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார்.

"பாத்தியா, எப்படி வருது?" என்றார். கண்ணில் உண்மையான பெருமை. தானே சொல்லி எழுதவைத்ததைத் திரையில் பார்த்துத் தானே நம்புகிறார். எனக்கு அருவருப்பாக இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவத்தைத்தான் இத்தனை வருஷமாக வேறு என்னவோ என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

அவர் குளிக்கப் போனபோது வடிகட்டியை ஆன் செய்து பார்த்தேன். விருது ஒரே வரியாகச் சுருங்கி, வட்டத்தில் ஒன்று என்று வந்து, ஏழாவது இடத்துக்கு இறங்கியது. அதற்கு மேலே அவர் எப்போதோ கிரிக்கெட் ஆடிய கல்லூரி ஆண்டு மலர் வந்தது. மறுபடி அணைத்து வைத்தேன்.

பிரமிளாவின் பெயரை நாளை மேடையில் சொல்லமாட்டேன். அத்தனை தாளாளர்கள் முன்னால் அந்தத் தலைப்பைத் திரையில் காட்டினால் நானும் இன்னொரு நகல் எடுத்த மாதிரி. அவர் பெயரே போதும். அவரே கொடுத்த பெயர்.

அவருக்கு வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டாயிற்று. எனக்கு நீலச் சேலை. காலையில் கிளம்பி, சரியான நேரத்துக்குப் போய், வணக்கம் சொல்லி, அவர் பெயரைத் தட்டுவேன். ஐந்துக்கு ஐந்து வரும். கைதட்டுவார்கள். தட்டி முடிக்கட்டும். பிறகு அந்த விருதுச் செய்தியின் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றிலும் இருக்கும் அந்த ஒரே பத்தியை வாய்விட்டுப் படிப்பேன். இதை எழுதியது யார், எங்கே உட்கார்ந்து எழுதியது என்று சொல்வேன். வடிகட்டியை அவர்கள் கண்ணெதிரே ஆன் செய்வேன். ஜனவரியிலிருந்து போன எல்லா ரிப்போர்ட்டும் இது இல்லாமல் போனவை, ஆள் சரி என்று டிக் போட்டது நான், ஒன்றைக்கூட நம்பாதீர்கள் என்று ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்துச் சொல்வேன்.

கீழே சாப்பிடக் கூப்பிடுகிறார். நாளைக்கு என்ன பேசப் போகிறாய் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். நீங்கள் எழுதிக் கொடுத்ததையே பேசுகிறேன் என்றேன்.